நாடாவைத் தளர்த்திக் கட்டு, சாந்தா

செங்கோட்டை,
ஆனி 22

அன்புள்ள சாந்தாவுக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. முப்பத்திரண்டு வருஷம் தபால் ஆபீஸில் ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்தியவளுக்கு, தன் பேருக்கு ஒரு இன்லண்டு லெட்டர் வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். "போனில் கேட்டால் சின்ன மருமகள் காதில் விழும், அதனால் எழுதுகிறேன்" என்று ஆரம்பித்திருந்தாயே, அங்கேயே சிரித்துவிட்டேன். அறுபத்து மூன்று வயதில் துணிமணி பற்றி ரகசியக் கடிதம்!

இங்கே சாரல் பிடித்துவிட்டது. முந்தாநாள் துவைத்த சேலை திண்ணைக் கொடியில் இன்னும் நசநசவென்று தொங்குகிறது. புனலூரில் உங்களுக்கு மழை கொட்டித் தீர்க்கும். மலைக்கு இந்தப் பக்கம் எங்களுக்குத் தூவானமும் காற்றும்தான். குற்றாலத்துக்கு வந்த கார்கள் ஞாயிற்றுக்கிழமை ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றதில் நான் தென்காசி போய் ஒரு மாத்திரை வாங்கி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. இவருக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பலா இந்த வருஷம் காய்க்கவில்லை. வேறு விசேஷம் இல்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஆடியில் திருவனந்தபுரத்தில் ராத்திரி ஏறி, நாலரை மணி நேரம் போய்ச் சிங்கப்பூரில் மாறி, அங்கிருந்து ஏழரை மணி நேரம் மெல்போர்ன். சின்ன மருமகள் ஜீன்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறாள், அதைப் பார்த்தாலே கூச்சமாக இருக்கிறது. பெரியவன் வீட்டுக்கு முதல் தடவை போகும்போது பட்டுச் சேலையில் போனால்தான் மரியாதை என்று உனக்கு ஓர் எண்ணம். இதுதானே? ரெண்டும் வேண்டாம். ஏன் என்று கேள். நான் பட்டதைச் சொல்கிறேன்.

2018-ல் மகளைப் பார்க்க நியூஜெர்சி போனேனே, அப்போது நானும் உன்னைப் போலத்தான் நினைத்தேன். அரக்கு நிறப் பட்டு, பூப்போட்ட கரை. முதல் வாரம்தான் தைத்து வந்த ரவிக்கை, கையைத் தூக்க முடியாத இறுக்கம். தலையில் தென்காசி மல்லிகை. காலில் புதுத் தோல் செருப்பு. ஏர்போர்ட் வாசலில் இவரும் தம்பியும் நிற்க எடுத்த போட்டோவில் கல்யாணப் பெண்ணுக்குத் தாயார் மாதிரி இருக்கிறேன். அந்தப் போட்டோ எடுக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அதற்கு அப்புறம் இருபது மணி நேரத்துக்கும் மேல் அந்தச் சேலைக்குள் நான் குடியிருக்க வேண்டியிருந்தது.

சோதனையிலேயே தொடங்கியது. முந்தானையில் ரெண்டு ஊக்கு, கொசுவத்தில் ஒன்று, ரவிக்கையில் ஒன்று, கொண்டையில் எத்தனை என்று எனக்கே தெரியாது. எல்லாம் சேர்ந்து அந்தக் கருவி கீகீ என்று கத்த, திரைக்குப் பின்னால் ஒரு பெண் போலீஸ் என்னை நிறுத்தித் தடவிப் பார்த்தது. நல்ல பிள்ளைதான், "அம்மச்சீ, இத்தனை பின் எதுக்கு?" என்று கேட்டது. என்னத்தைச் சொல்ல?

வளைகுடாவில் இறங்கி மாறி, பதினாலு மணி நேரப் பயணம் தொடங்கியது. ஆறாவது மணி நேரத்தில் வயிறு கல்யாணப் பந்தியில் ரெண்டு தடவை உட்கார்ந்து எழுந்ததுபோல் உப்பிவிட்டது. சாப்பிட்டது என்னவோ ஒரு கரண்டிச் சோறு. உள்பாவாடை நாடா இடுப்பில் கத்திபோல் இறங்குகிறது. தளர்த்திக் கட்டலாம் என்று கழிப்பறைக்குப் போனேன். நம் வீட்டுக் குதிர் அளவு இடம் அது. திரும்பினால் முழங்கை இடிக்கும். தரை ஈரம். கொசுவம் நனையாமல் முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டேன், முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டேன், நாடாவைத் தொட்டால் கடுமுடிச்சு! வீட்டில் கிளம்பும் அவசரத்தில் சுருக்கு என்று நினைத்து முடிச்சாகவே போட்டிருக்கிறேன், வேர்வையில் அது இறுகிப் போயிருந்தது. நகம் உள்ளே போகவில்லை. கடைசியில் முந்தானை ஊக்கைக் கழற்றி, அதன் முனையால் முடிச்சைக் குத்திக் குத்தி இளக்கினேன். வெளியே ஒருவர் கதவைத் தட்டுகிறார். விமானம் குலுங்குகிறது. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. போய் இறங்கி மூன்றாம் நாள் குளித்துவிட்டு வரும்போது மகள் பார்த்துவிட்டு, "என்னம்மா, இடுப்பில் அரைஞாண் கட்டியதுபோல் தடம்?" என்றாள்.

ஏன் அப்படி உப்புகிறது என்று மருமகன் அப்புறம் சொன்னார். விமானம் முப்பத்தைந்தாயிரம் அடிக்கு மேல் பறந்தாலும் உள்ளே காற்றை அழுத்தி வைத்திருப்பார்களாம். ஆனால் நம் ஊர்த் தரைமட்ட அளவுக்கு அல்ல, ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயரத்தில் இருக்கும் அளவுக்குத்தான். ஊட்டி ஏறக்குறைய 7,350 அடி. ஆக, ராத்திரி முழுக்க ஊட்டியில் ஒரு நாற்காலியில் கட்டிப்போட்ட மாதிரிதான். கொடைக்கானல் டூர் போனபோது உன் பையிலிருந்த சிப்ஸ் பாக்கெட் மேலே போகப் போக உப்பிக்கொண்டு நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? நம் வயிற்றுக்குள் இருக்கும் வாயுவும் அதே மாதிரி கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை விரியும். அந்தப் பாக்கெட்டைச் சுற்றி நாடா கட்டினால் எப்படி இருக்கும்? ஜீன்ஸும் அதே கதைதான், நாடாவுக்குப் பதில் பித்தளைப் பொத்தான். அதனால் மருமகளிடம் கோபித்துக்கொள்ளாமல், "அங்கே போய்ப் போட்டுக்கொள்கிறேன்" என்று பெட்டியில் வைத்துவிடு.

கால் கதை இன்னும் மோசம். உட்கார்ந்தே இருந்தால் ரத்தமும் நீரும் கீழே இறங்கிப் பாதம் வீங்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ராத்திரி செருப்பைக் கழற்றி முன்சீட்டுக்கு அடியில் தள்ளினேன். காலையில் எடுத்தால் அது வேறு யாருடைய செருப்போ என்று தோன்றியது, குதிகால் உள்ளே போகவே இல்லை. நியூயார்க்கில் பட்டுச் சேலையுடன், செருப்பின் பின்பட்டையை மிதித்துக்கொண்டு சரக் சரக்கென்று நடந்து போனேன். வீக்கம் ரெண்டு நாளில் வடிந்துவிடும், அதைப்பற்றிப் பெரிதாகக் கவலை இல்லை. காலில் ரத்தம் உறைந்து கட்டியாவதுதான் கவனிக்க வேண்டியது. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து போனால் அதற்கான வாய்ப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொல்லியிருக்கிறது. ஆளுக்கு ஆள் பார்த்தால் அபூர்வம்தான், ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு. பயப்படாதே. ஆனால் உனக்கு நரம்புச் சுருட்டல் இருக்கிறது. இறுக்கமான அந்த நீளக் காலுறை போடலாமா என்று உன் டாக்டரிடம் கேட்டுவிடு, அளவு பார்த்து அவரே சொல்வார். நீயாகக் கடையில் வாங்காதே. மற்றபடி மணிக்கு ஒருதரம் எழுந்து ஒரு நடை, உட்கார்ந்திருக்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கு, தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி. உனக்கு அது சொல்லித்தர வேண்டியதில்லை.

செருப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பழகிய, அகலமான, குதிகாலில் பட்டை உள்ள செருப்பாகவோ துணி ஷூவாகவோ போட்டுக்கொள். ஏறும்போதும் இறங்கும்போதும் அது காலில் இருக்கட்டும், நடுவில் வேண்டுமானால் கழற்று. 2016 ஆகஸ்ட் 3-ஆம் தேதி நம் திருவனந்தபுரத்திலிருந்து போன விமானம் துபாயில் தரையில் மோதித் தீப்பிடித்தது உனக்கு மறந்திருக்காது. உள்ளே இருந்த 300 பேரும் வெளியேறித் தப்பினார்கள். தீயை அணைக்கப் போன ஒரு வீரர்தான் பாவம், உயிரைக் கொடுத்தார். நம் பக்கத்து ஆட்கள் எத்தனை பேர் அதில்! அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து எனக்கு நைலான், பாலியஸ்டர் மேல் ஒரு வெறுப்பு. சூடு பட்டால் உருகித் தோலில் ஒட்டுகிற துணி அது. பருத்தி அப்படி உருகாது. சறுக்குப் பலகை மாதிரி ஒன்றில் உட்கார்ந்து வழுக்கி இறங்க வேண்டியிருந்தால் ஆறு கஜத்தை எங்கே பிடிப்பது? இப்படியெல்லாம் நடக்கப்போவதில்லை. சும்மா என் மனசு அப்படிப் போகிறது.

அந்த முதல் பயணத்தில் பக்கத்து வரிசையில் கோட்டயம் பக்கத்து அம்மச்சி ஒருவர், எண்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டையும் முண்டும், பின்னால் விசிறி மடிப்பு. ஊக்கு கிடையாது, நாடா கிடையாது, சுற்றிச் செருகியதுதான். வயிறு உப்பினால் முண்டும் தானாக இளகும். ஏறியதும் கொந்தை, அதுதான் ஜெபமாலை, உருட்டினார்கள், தூங்கினார்கள், இறங்குகிற அறிவிப்புக்குத்தான் கண் விழித்தார்கள். நான் நாடாவோடு மல்லுக்கட்டி வந்து உட்கார்ந்து அவர்களைப் பார்த்தபோது வந்த பொறாமை இருக்கிறதே! எங்கள் ஆச்சியும் திருவிதாங்கூர்க் காலத்து மனுஷி, 1956 வரை செங்கோட்டை அந்தப் பக்கம்தானே இருந்தது. அவளும் வீட்டில் முண்டுதான் உடுத்தினாள். நாம்தான் நாடாவுக்கு வந்து மாட்டிக்கொண்டோம்.

2023-ல் ரெண்டாம் தடவை போனபோது நான் போட்டதை அப்படியே உனக்கும் சொல்கிறேன். நீ இந்த வயதில் முண்டுக்கு மாறமாட்டாய், எனக்குத் தெரியும். தொளதொளவென்று பருத்திச் சுடிதார். பேண்டில் நாடா வேண்டாம், அகலமான எலாஸ்டிக் வைத்துத் தைத்தது, அதுவும் இளக்கமாக. மேல்சட்டை முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, ரெண்டு பக்கமும் வெட்டு. நிறம் கறுப்பு கலந்த நீலம், சாம்பார் சிந்தினாலும் தெரியாது. உள்ளே பழைய, நைந்த உள்ளாடை. புதிதாக வாங்கியதை அன்றைக்குப் போடாதே. மேலே முன்பக்கம் திறக்கிற ஸ்வெட்டர். உள்ளே ஒரு மணி நேரம் வேர்க்கும், அடுத்த மணி நேரம் பல் கிடுகிடுக்கும், கழற்றவும் போடவும் சுளுவாக இருக்க வேண்டும். குறைந்த கட்டண விமானம் சிலவற்றில் போர்வைக்கும் காசு கேட்பார்கள். மெல்போர்னில் ஆடி குளிர்காலம், பகலிலேயே பதினாலு டிகிரிக்குப் பக்கம்தான். ஆகவே ஒரு கம்பளிச் சால்வை கைப்பையில் இருக்கட்டும். தூங்கும்போது போர்வை, இறங்கும்போது சால்வை.

அப்புறம் தோர்த்து, நம் மெல்லிய துண்டு. இதை மட்டும் மறந்துவிடாதே. பெரியவன் அனுப்பிய டர்க்கி டவல் எல்லாம் எடை, காயவும் காயாது. நம் ஈரிழைத் தோர்த்து ஒன்று கைப்பையில் வை. விமானத்துக்குள் காற்று அப்படி உலர்ந்து கிடக்கும். ஈரப்பதம் இருபது சதவீதத்துக்கும் கீழே. இங்கே சாரலில் சேலை மூன்று நாள் காயமாட்டேன் என்கிறது, அங்கே நனைத்த தோர்த்தை முன்சீட்டில் விரித்துப்போட்டு ஒரு சினிமா பார்ப்பதற்குள் அப்பளமாகிவிட்டது. உதடு வெடிக்கும், மூக்கு எரியும், கண்ணில் மணல் விழுந்ததுபோல் இருக்கும். நனைத்துப் பிழிந்த தோர்த்தை முகத்தில் ஐந்து நிமிஷம் போட்டுக்கொண்டால் சுகம். அதற்கு மேல் ஒரு துளி தேங்காயெண்ணெய், உதட்டிலும் மூக்கு ஓரத்திலும். சின்னக் குப்பியில் கொண்டு போ. கைப்பையில் திரவம் எதுவானாலும் குப்பி நூறு மில்லிக்கு மேல் இருக்கக்கூடாது, எல்லாவற்றையும் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தனியாகக் காட்ட வேண்டும். எனக்கு நடுவானில் எண்ணெய் உறைந்துபோய்க் குப்பியைத் தட்டினாலும் வரவில்லை. மார்கழிக் காலையில் நம் வீட்டில் உறைவதுபோல் வெள்ளையாக நிற்கிறது. அக்குளில் ஐந்து நிமிஷம் வைத்தேன், இளகிவிட்டது.

கோடாலித் தைலத்தை மட்டும் திறந்துவிடாதே. எனக்கு முன்னால் ஒருவர் தலைவலி என்று தேய்த்துக்கொண்டார், நாலு வரிசைக்கும் ஜலதோஷம் பிடித்த மாதிரி ஆயிற்று. சென்ட்டும் அப்படித்தான், பூட்டிய அறையில் அடுத்தவர் மூக்கையும் நினைக்க வேண்டும். குளித்துவிட்டுக் கிளம்பு, கொஞ்சம் பவுடர், போதும்.

பூவும் கூடாது. இதைப் படித்ததும் உன் முகம் வாடும், தெரியும். ஆனால் நீ போவது ஆஸ்திரேலியா. 2025-ல் நடிகை நவ்யா நாயர் ஓணம் விழாவுக்காக மெல்போர்ன் போனார் அல்லவா? அவருடைய அப்பா மல்லிகையை ரெண்டு துண்டாக்கிக் கொடுத்திருக்கிறார், ஒன்று கொச்சியிலிருந்து சிங்கப்பூர் வரை வைத்துக்கொள்ள, அது வாடிவிடும் என்று இன்னொன்று சிங்கப்பூரிலிருந்து மேலே போகும்போது வைக்க. அந்த ரெண்டாவது துண்டு, ஒரு சாண் நீளம்கூட இல்லை, கைப்பையில் இருந்தது. 1,980 ஆஸ்திரேலிய டாலர் அபராதம், நம் பணத்தில் ஒரு லட்சத்துக்கு மேல். அந்த நாட்டுக்குள் செடி, பூ, விதை, மண் எதுவும் சொல்லாமல் போகக்கூடாது, பூச்சியும் நோயும் கூட வந்துவிடும் என்று அவ்வளவு கெடுபிடி. செருப்பு அடியில் ஒட்டிய மண்ணைக்கூடப் பார்ப்பார்கள். உங்கள் ரப்பர்த் தோட்டத்தில் போட்டு நடக்கிற செருப்பில் கிளம்பிவிடாதே. கிளம்புகிற அன்று வீட்டில் பூ வைத்துப் போட்டோ எடுத்துக்கொள், காரில் ஏறும்போது சின்ன மருமகள் தலைக்கு மாற்றிவிடு. அவளுக்கும் மனசு குளிரும்.

மாற்று உடுப்பு ஒரு செட் கைப்பையில் வை என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2023-ல் என் பெட்டி என்னோடு வரவில்லை, ரெண்டு நாள் கழித்து வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டார்கள். மகள் என்னைவிட நாலு சுற்று ஒல்லி. கைப்பையில் இருந்த ஒரு செட்டும் ஒரு நைட்டியும்தான் மானத்தைக் காப்பாற்றின. அதில் உன் பட்டுச் சேலையையும் வைத்துக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் ஆச்சி வில்வண்டியில் சம்பந்தி வீட்டுக்குப் போகும்போது பழைய சேலைதான் உடுத்துவாள். ஊர் எல்லை வாய்க்காலில் வண்டியை நிறுத்தி, முகம் கால் கழுவி, மறைவில் போய் நல்ல சேலைக்கு மாறித்தான் ஊருக்குள் நுழைவாள். அதையே நீயும் செய். ஆனால் விமானத்தில் வாய்க்கால் என்றால் கழிப்பறைதான், அங்கே கூட்டம் சேருமுன் போய்விட வேண்டும். காலைச் சாப்பாடு கொடுக்க விளக்குப் போடுவார்கள், அதற்கு முன்னாலேயே எழுந்து போ. சாப்பிட்டபின் போனால் இருபது பேர் வரிசையில் நிற்பார்கள். பல் தேய், முகம் கழுவு, தோர்த்தால் கழுத்தும் கையிடுக்கும் துடை, மேல்சட்டையை மட்டும் மாற்று. சேலைக்குள் புகுவதை அந்தக் குதிருக்குள் வைத்துக்கொள்ளாதே. இறங்கிப் பெட்டி எடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் விசாலமான கழிப்பறை இருக்கும், அங்கே நிதானமாக உடுத்திக்கொண்டு பேரன் முன்னால் போய் நில். அந்த ஒரு போட்டோவுக்குப் பட்டு போதும்.

என் ரெண்டாம் பயணத்தில் மகள் வந்து கட்டிப் பிடித்துவிட்டு, "என்னம்மா, பக்கத்துத் தெருவிலிருந்து வந்த மாதிரி இருக்கிறாய்!" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

சுடிதாரை நீ அங்கே தைக்கக் கொடுத்தால் சின்ன மருமகளுக்குத் தெரிந்துவிடும் என்று யோசிப்பாய். வேண்டாம். இங்கே கீழ பஜாரில் என் தையற்காரர் ரெண்டு நாளில் முடித்துவிடுவார். நீல நிறத்தில் ஒன்று, காப்பிப் பொடி நிறத்தில் ஒன்று. வர்ற வாரம் ரயிலில் நானே கொண்டு வருகிறேன். வழியில் வரும் பதிமூன்று கண் ரயில் பாலத்தை மழையில் பார்த்தும் ரொம்ப நாளாயிற்று. ரெண்டு தோர்த்தும் எடுத்து வருகிறேன். நீ எனக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் வைத்தால் போதும்.

அளவு எழுதி அனுப்பு. தோள், நெஞ்சு, கை நீளம் எப்போது வேண்டுமானாலும் எடு. இடுப்பை மட்டும் மத்தியானம் சோறு சாப்பிட்டு எழுந்ததும் அளந்து எழுது. பொய் அளவு தராதே.

உன்,
பகவதி